வீட்டுக்கு விலை பேசி முடிச்சாச்சா? அட்வான்ஸ் வாங்கியதில் இருந்து பத்திரப்பதிவு வரை... விற்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

"60 லட்சத்துக்கு முடிச்சுக்கலாம்" என்று பேசி, தாம்பூலத் தட்டில் வைத்து டோக்கன் அட்வான்ஸும் வாங்கியாச்சு. உடனே சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு "வீடு வித்துட்டோம்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவோம். ஆனால் சட்டப்படி வீடு இன்னும் உங்களுடையதுதான். சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் போட்டதால் மட்டும் வாங்குபவருக்கு வீட்டின் மீது உரிமை வந்துவிடாது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் வீடு கைமாறும்.

அதற்காக, "இன்னும் என் வீடுதானே" என்று நினைத்து அதிக விலை தருகிறவருக்கு விற்றுவிடவும் முடியாது. தமிழ்நாட்டில் வீட்டை விற்பவர் சிக்கிக்கொள்ள அதிக வாய்ப்புள்ள காலம் இந்த இரண்டு, மூன்று மாதங்கள்தான்.

அட்வான்ஸை கையில் வாங்கலாமா?

வாங்காதீங்க. வீடு, நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தொகையை அபராதமாகக் கட்ட வேண்டிவரலாம். அந்த அபராதம் பணம் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கிய உங்களுக்கு. எனவே செக், டிடி, வங்கிப் பரிமாற்றம், இதில் ஏதாவது ஒன்றில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யணுமா?

ஆமாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். "பதிவு பண்ணலைன்னா அது வெறும் பேப்பர்தானே" என்று சிலர் அலட்சியமாக இருப்பதுண்டு. அப்படி இல்லை. பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும், "பேசியபடி வீட்டை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்று கேட்கும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் விலை, அட்வான்ஸ், மீதிப் பணம் வரவேண்டிய தேதி, வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் என்ன ஆகும், வீட்டோடு எதையெல்லாம் விட்டுப் போகிறீர்கள் என எல்லாம் இருக்க வேண்டும். ஏசி, இன்வெர்ட்டர், மோட்டார் வரைக்கும் எழுதுங்கள். லட்சக்கணக்கில் பேசி முடித்துவிட்டு கடைசியில் ஃபேனுக்குச் சண்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

வாங்குபவர் இழுத்தடித்தால் என்ன ஆகும்?

பெரிய சிக்கல் இதுதான். மூன்று மாதம் கெடு போட்டீர்கள். மூன்று மாதம் முடிந்தது. அவர் போனையே எடுப்பதில்லை. சரி, ஒப்பந்தம் காலாவதி ஆயிடுச்சு, வேறு ஆளைப் பார்ப்போம் என்று இறங்கிவிடாதீர்கள்.

பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும். (வில்லங்கமே இல்லாத வீட்டுக்கும் அந்தச் சான்றுக்குப் பெயர் வில்லங்கச் சான்றுதான்.) புதிதாக வருகிறவரின் வக்கீலும் வங்கியும் முதலில் பார்ப்பது அதைத்தான். பழைய ஒப்பந்தம் அப்படியே இருந்தால் அடுத்த விற்பனை அங்கேயே நிற்கும். அதை நீக்க சுத்தமான வழி, இரண்டு தரப்பும் சேர்ந்து வந்து ரத்து ஒப்பந்தம் பதிவு செய்வது. அதற்கு அவர் வர வேண்டுமே!

இன்னொன்றும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் குறித்த தேதியில் இருந்து மூன்று ஆண்டுகள் வரை அவர் நீதிமன்றம் போகலாம். கெடு முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அவர் வழக்கு தள்ளுபடி ஆகிவிடும் என்று சொல்ல முடியாது. "பணத்தோடு தயாராக இருந்தேன், அவர்தான் எழுதிக் கொடுக்கவில்லை" என்று நிரூபித்தால், பழைய விலைக்கே எழுதிக் கொடுக்கும்படி உங்களுக்கு உத்தரவு வரலாம். 2018-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வாங்குபவரின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது.

எனவே கெடு தாண்டியதும் சும்மா இருக்காமல், "நான் எழுதிக் கொடுக்கத் தயார், மீதிப் பணத்தோடு வாருங்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அதன் ரசீதை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பேசிப் பிரிவதாக இருந்தால் அட்வான்ஸை வங்கி மூலம் திருப்பிக் கொடுத்து, அன்றைக்கே ரத்து ஒப்பந்தத்தையும் பதிவு செய்துவிடுங்கள்.

எல்லோரும் ஏமாற்றத்தான் இழுப்பார்கள் என்றும் இல்லை. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம்தான் கடன் தரும். மீதி 12 லட்சம் அவர் கையில் இருந்து வர வேண்டும். அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என இன்னொரு 5.40 லட்சம். கணக்கு போடாமல் வந்தவர்கள் இங்கேதான் முழிப்பார்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே "லோன் எவ்வளவு கிடைக்கும்னு வங்கியில கேட்டுட்டீங்களா சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

உங்கள் வீட்டின் மேலேயே கடன் இருந்தால்?

விற்கலாம். உங்கள் வங்கியிடம் பாக்கித் தொகை எவ்வளவு, என்னென்ன அசல் பத்திரங்கள் அவர்களிடம் இருக்கின்றன என்று கடிதமாக வாங்கிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் வாங்குபவரின் வங்கி அந்தப் பாக்கியை நேராக உங்கள் வங்கிக்கே கட்டிவிடும். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அடமானம் பதிவாகியிருந்தால் அதை முடித்ததற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்யணும். பலர் மறப்பது இதைத்தான்.

அப்பா பெயரில் இருந்து வந்த வீடு என்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டிக்கொடுத்த தங்கையும் சேர்த்துத்தான்.

பதிவு நாளில்...

ஆடி போய் ஆவணி வந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும். டோக்கனை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள் அடையாள அட்டையோடு போக வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னால் மீதிப் பணம் வந்துவிட்டதா என்று பாருங்கள். டிடி என்றால் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைன் என்றால் கணக்கில் ஏறும் வரை காத்திருங்கள். "சாயங்காலம் போட்டுடுறேன்" என்ற பேச்சே வேண்டாம். முழுப் பணம் வராமல் சாவியும் கொடுக்க வேண்டாம். உள்ளே குடிவந்துவிட்டவரை வெளியேற்றுவது லேசான வேலை இல்லை.

கைக்கு வரும் பணம் ஏன் குறையுது?

விற்பனை விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சம் ரூபாயைத் தொட்டால், எது அதிகமோ அதில் 1 சதவீதத்தை டிடிஎஸ் ஆக வாங்குபவர் பிடித்து, உங்கள் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்டுவார். 60 லட்சத்துக்கு 60,000 ரூபாய். கட்டியதற்கான சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். வருமான வரி தாக்கலின்போது கழித்துக்கொள்ளலாம். நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இதைவிட மிக அதிகம். ஆடிட்டரைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

இரண்டு ஆண்டுக்கு மேல் உங்களிடம் இருந்த வீடு என்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியிருந்தால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய முறையில் வரி குறைவாக வந்தால் அதையே கட்டலாம். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழிகாட்டி மதிப்பு 70 லட்சமாக இருந்து நீங்கள் 60 லட்சத்துக்கு விற்றால், 70 லட்சத்துக்கு விற்றதாகவே கணக்கு வைப்பார்கள்.

அந்த லாபத்தில் இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ வரிவிலக்கு உண்டு. அதுவரை பணத்தை சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருந்தால் விலக்கு கிடைக்காது. வருமான வரி தாக்கலுக்கான கடைசித் தேதிக்குள், மூலதன ஆதாயக் கணக்கு என்றே வங்கியில் தனியாகத் தொடங்கி அதில் போட்டுவிட வேண்டும்.