டோக்கியோவில் ஒரு திருவனந்தபுரத்தார் உணவுச்சாலை



ஆண்டு விழாக் குழு கூடிய அன்று நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்றை முதற்கண் கூற விழைகின்றோம். அலுவல் நிமித்தம் சென்னை சென்று திரும்பிய நம் சங்கத்து இளைஞர் ஒருவர், அங்கு ஜப்பானிய உணவுச்சாலை ஒன்றில் 'சூஷி' உண்டதைப் பெருமகிழ்ச்சியுடன் விவரித்தார். "பச்சை மீனைத் தின்னவா தம்பி பட்டணம் போனாய்?" என்று மூத்தோர் நகைத்தனர். யாமும் உடன் நகைத்தோம். இளைஞர் முகம் வாடி அமர்ந்தார். அந்நகைப்புத் தகாதென்பதைப் பின்னர் வரலாற்றைப் படித்தபோது உணர்ந்தோம். அதற்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

சூஷி என்னும் சொல்லுக்குப் பச்சை மீன் என்பது பொருளன்று; புளிப்புடையது என்பதே பொருள். பண்டு மீனை உப்பிட்டுச் சோற்றில் புதைத்துப் பல திங்கள் புளிக்க வைத்துக் காத்தனர். பின்னர்ச் சோற்றில் காடியைக் கலந்து விரைவில் புளிப்பேற்றக் கற்றனர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், காடி கலந்த சோற்றைக் கையாற் பிடித்து அதன்மேல் மீன் துண்டை வைத்துத் தெருக்கடைகளில் விற்றனர். வேலையாட்கள் நின்றவாறே இரண்டொரு கவளம் உண்டு சென்றனர். வழிப்பயணத்திற்குப் புளிச்சோறு கட்டிச் செல்லும் நமக்கு இஃது அத்துணை அயலானதா?

1923-ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கம் டோக்கியோவைப் பாழாக்கியது. பிழைப்பிழந்த சூஷிச் சமையற்காரர் பலர் வெளியூர்களுக்குச் சென்று ஆங்காங்கே கடை வைத்தனர். எடோவின் உணவு நாடெங்கும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். இடம் பெயர்ந்தோர் கையிலேயே உணவும் இடம் பெயர்கின்றது.

இனி, நம் நாட்டார் ஜப்பானுக்குக் கொண்டு சென்ற உணவைக் காண்போம். 1912-இல் தில்லியில் வைசிராய் ஹார்டிஞ்சு மீது குண்டு வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915-இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றார். டோக்கியோவின் சிஞ்சுகுப் பகுதியில் 'நாகமுராயா' என்னும் ரொட்டிக்கடை நடத்திய சோமா தம்பதியர் அவரை மறைத்துக் காத்தனர். தம் மகள் தோஷிகோவையும் மணமுடித்துக் கொடுத்தனர். ஆங்கிலேயர் வழியாக ஜப்பானை அடைந்து, கோதுமை மாவு கலந்து கெட்டியாக்கப்பட்ட கறியே அந்நாளில் அங்கு வழங்கியது. அது கறியன்று எனக் கண்ட போஸ், மெய்யான இந்தியக் கறியை அக்கடையினருக்குக் கற்பித்தார். 1927-இல் அஃது அங்கு விற்பனைக்கு வந்தது.

நம் நகருக்கு உரியவர் இவருக்குப் பின் வந்தவர். 1905-இல் பிறந்த ஏ. எம். நாயர் திருவனந்தபுரத்துக்காரர். 1928-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலச் சென்றார். தம்பானூரில் நாம் நாள்தோறும் காணும் ரயில் நிலையம் திறக்கப்பட்டது 1931-இல். அதற்கு முன்பே ஊரை விட்டுச் சென்றவர் அவர். அங்கு ராஷ் பிஹாரி போஸுடன் இணைந்து விடுதலைக்கு உழைத்தார். ஜப்பானியப் பெண்மணியை மணந்தார். போர் முடிந்தபின், 1949-இல், டோக்கியோவின் கின்சாப் பகுதியில் 'நாயர் உணவுச்சாலை'யைத் திறந்தார். போரில் தோற்று உணவுக்கு வாடிய நகரில், அயல்நாட்டார் ஒருவர் அடுப்பு மூட்டி இலை போட்டதை எண்ணிப் பாருங்கள்! முதலில் அதனைச் சுவைத்த ஜப்பானியருள்ளும் முகம் சுளித்தோர் இருந்திருக்கலாம். ஆயினும் ஊர் அவரை ஏற்றது. அவர் 1990-இல் மறைந்தார். அவ்வுணவுச்சாலை அவர் வழித்தோன்றல்களால் இன்றும் நடத்தப்பெறுகின்றது.

அன்பர்களே! நாமும் பிறவூரிலிருந்து இங்கு வந்தோர் அல்லமோ? சாலைக் கடைத்தெருவில் நம்மவர் கடை விரித்தனர். கரமனையிலும் வலியசாலையிலும் குடியேறினர். நம் இட்டிலியையும் முறுக்கையும் இந்நகர் முகம் சுளியாது ஏற்றது. அவ்வாறு ஏற்கப்பட்ட நாம், பிறர் உணவை நகைத்தல் முறையோ? வேண்டாதவர் உண்ணாதிருக்கலாம், இகழ்தல் வேண்டா.

அவ்விளைஞரிடம் யாம் சொல்ல வேண்டியது ஒன்றே: தம்பி, அடுத்த முறை எம்மையும் உடனழைத்துச் செல்க. வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சூஷியும் உண்டென அறிகின்றோம். மீனுண்ணாத அன்பரும் உடன் வரலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!