இரு கரைகள், இரு பாடசாலைகள்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையிலான ஒடுங்கிய நிலத்தில், கல்முனை வீதியோரமாக அமைந்த ஊர் குருக்கள்மடம். அங்கே கலைவாணி மகா வித்தியாலயம் இருக்கிறது. வாவிக்கு அப்பால் எதிர்க்கரையில் அம்பிளாந்துறை. அங்கே கலைமகள் மகா வித்தியாலயம். ஒரே தெய்வத்தின் இரு பெயர்கள். இரண்டும் அரசாங்கப் பாடசாலைகள். பாடத்திட்டம் ஒன்று; இலவசப் பாடநூல் ஒன்று; பரீட்சையும் ஒன்று. ஆனால், ஒன்று எழுவான்கரையில், பட்டிருப்பு வலயத்தில் இருக்கிறது. மற்றது படுவான்கரையில், மட்டக்களப்பு மேற்கு வலயத்தில் இருக்கிறது.

பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் பாடசாலைகளை வரிசைப்படுத்திச் செய்தி எழுதுவது எங்கள் தொழிலில் நெடுநாள் வழக்கம். நானும் எழுதியிருக்கிறேன். அந்த வரிசை எவ்வாறு உருவாயிற்று என்று மட்டும் எழுதியதில்லை. அதற்கு இரண்டு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். அடுத்த ஆண்டிலேயே இறந்துபோனார். அவர் இட்ட வித்துத்தான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. வின்சன்ட் மகளிர் பாடசாலை தன் தொடக்கத்தை 1820 என்று கணக்கிடுகிறது. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியின் வரலாறு 1873இல் தொடங்குகிறது. மூன்றும் நகரத்தில், ஆங்கிலக் கல்வியை மையமாகக் கொண்டு வளர்ந்தவை. கிராமத்துப் பிள்ளை அங்கே படிக்க வேண்டுமானால் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும்.

அவ்வாறு புறப்பட்டவர்களுள் ஒருவர் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன். கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையிலும் பின்னர் புனித மிக்கேலிலும் கற்றார். பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தராகத் திரும்பி வந்தவர், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகள் கிராமங்களிலும் பரவின. படுவான்கரையின் கொக்கட்டிச்சோலையில் அப்பெயர் தாங்கிய பாடசாலை இன்றும் உண்டு. பிள்ளை பாடசாலையைத் தேடிப் போகும் நிலை மாறி, பாடசாலை பிள்ளையைத் தேடி வரத் தொடங்கியது.

அதே எண்ணத்தை அரசாங்கக் கொள்கையாக்கியவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் கல்வி இலவசமாயிற்று. கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. வந்தாறுமூலையிலும் ஒன்று அமைந்தது. அந்த வளாகத்திலேதான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கிராமத்தில் நட்ட மரம் எவ்வளவு உயரம் வளரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கீழ் வந்தன. உரிமை கைமாறியது. பழைய கட்டடமும் நூலகமும் விளையாட்டு மைதானமும் பழைய மாணவர்களின் செல்வாக்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. பின்னர் தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்றும், உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளது, இல்லாதது என்றும் தரம் பிரித்தபோது, பழைய ஏற்றத்தாழ்வுக்குப் புதிய பெயர்கள் கிடைத்தன.

போர் அந்த இடைவெளியை மேலும் அகலமாக்கியது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், எழுவான்கரைப் பிரதான வீதி இராணுவத்தின் பிடியிலும் இருந்தன. குருக்கள்மடத்தையும் அம்பிளாந்துறையையும் இணைத்தது, இங்குள்ளோர் ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகு. கரையோரத்தில் வசித்த ஆசிரியருக்குத் துறையும் சோதனைச் சாவடியும் கடந்த பின்னரே வகுப்பறை. 2007இன் தொடக்கத்தில் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக வாவியைக் கடந்து இக்கரையில் தஞ்சம் புகுந்தனர். அந்த ஆண்டுகளில் பரீட்சை எழுதிய பிள்ளைக்கும், நகரத்தில் மாலை வகுப்புக்குப் போய்வந்த பிள்ளைக்கும் வினாத்தாள் ஒன்றுதான்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. போக்குவரத்து எளிதாயிற்று. ஆயினும் பாலம் இரு திசையிலும் ஆட்களைக் கொண்டு செல்லும். காலையில் ஆசிரியரை அழைத்து வருவதும் அதுவே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையை நகரத்துக்கு அழைத்துச் செல்வதும் அதுவே.

இந்தப் பிரிவு ஆறாம் தரத்தில்தான் நிகழ்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி பெற்ற பிள்ளைக்குப் பெரிய பாடசாலையில் இடம் கிடைக்கிறது. அந்தப் பிள்ளையை நாம் குறை கூற முடியாது. பெற்றோரையும் குறை கூற முடியாது. மயில்வாகனனும் அப்படிப் போனவர்தான். ஆனால், ஆண்டுதோறும் முன்வரிசைப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, எஞ்சியோருடன் சாதாரண தரத்தை எதிர்கொள்ளும் கிராமப் பாடசாலையை, அந்தப் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்ட பாடசாலையோடு ஒரே வரிசையில் நிறுத்துவது ஒப்பீடாகாது.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால், வேறு கேள்விகளைக் கேட்போம். ஆறாம் தரத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பதினோராம் தரம் வரை நின்றார்கள்? கணிதமும் ஆங்கிலமும் கற்பிப்பவர் அப்பாடசாலையில் எத்தனை ஆண்டுகள் தங்கினார்? அந்தக் கணக்கில் கலைவாணியும் கலைமகளும் எங்கே நிற்கின்றன என்று எந்தப் பத்திரிகையும் இதுவரை வரிசைப்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. நான் பணியாற்றிய பத்திரிகைகளும் அதற்கு விலக்கல்ல.