தவளைக்கால் தாங்கி

ஜப்பானியக் கோயில்களில் இரண்டு தூண்களுக்கு நடுவே, கீழ் உத்திரத்தின்மேல் கால்களை அகட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு மரத்துண்டு உண்டு. தவளை காலை விரித்தாற்போல் இருப்பதால் அதற்குக் கயெருமாதா என்று பெயர். தலையில் ஒரு சிறு கட்டை, அதன்மேல் அடுத்த உத்திரம். கூரையின் பாரத்தை வாங்கிக் கீழே இறக்குவதற்காகத்தான் அது பிறந்தது.

நாரா நகரில் தோதாய்ஜி கோயிலின் தெகாய் வாயில் 8ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அங்கே இந்தத் தாங்கி தடித்த பலகையாக, இரண்டு அடுக்கு உத்திரங்களுக்கு இடையே சுமையோடு நிற்கிறது. செதுக்கு வேலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. விளிம்பில் ஓடும் வளைவு மட்டும்தான்.

அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்குள் தச்சன் பலகையின் நடுவயிற்றைக் குடைந்து எடுத்துவிட்டான். உஜி நகரிலுள்ள உஜிகாமி ஆலயத்தின் மரங்களில் ஆண்டு வளையங்களை ஆய்வு செய்ததில், அவை 1060ஐ ஒட்டிய காலத்தவை எனத் தெரிந்தது. அங்குள்ள கயெருமாதாவில் கால்கள் மெலிந்து நீள்கின்றன, நடுவே வெற்றிடம். சூசொன்ஜி கோயிலில் 1124இல் எழுந்த பொன் மண்டபத்திலும் இந்தக் குடைந்த வடிவம் உண்டு. இதன் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். பாரத்தின் பெரும்பங்கு வேறு உறுப்புகளுக்குப் போய்விட்டது. ஆனாலும் ஒரு காலத்தில் சுமந்த உடம்பின் முறுக்கு அந்தக் கோடுகளில் அப்படியே இருக்கிறது.

காலியான இடத்தைக் கை சும்மா விடவில்லை. முதலில் இருபுறமும் ஒன்றுபோல் கொடியும் இலையும் நுழைந்தன. பிறகு சமச்சீர் கலைந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், மோமோயாமா காலத்தில், பூக்களும் பறவைகளும் வண்ணத்தோடு சட்டத்தை மீறி வெளியே வளர்ந்தன.

நிக்கோவின் தோஷோகு ஆலயத்தை 1636இல் ஷோகுன் இயெமித்ஸு புதுப்பித்தார். அங்கே அவருடைய தாத்தா இயெயாசுவின் சமாதிக்குப் போகும் வழியில், கதவுக்கு மேலே இருக்கும் ஒரு கயெருமாதாவுக்குள் பூனை ஒன்று பியோனிப் பூக்களுக்கு நடுவே தூங்குகிறது. ஹிதாரி ஜிங்கொரோ என்ற சிற்பி செதுக்கியது என்பது செவிவழிக் கதை. அண்ணாந்து அந்தப் பூனையைப் பார்ப்பவர்கள், தாண்டிப் போய் ஒருமுறை திரும்பியும் பார்க்க வேண்டும்: மறுபக்கத்தில் மூங்கிலிடையே சிட்டுக்குருவிகள் விளையாடுகின்றன. போர் ஓய்ந்த நாட்டில் பூனை உறங்க, குருவிக்கும் பயமில்லை என்று அங்கே விளக்கம் சொல்வார்கள்.