ஷெல்லுக்கு வெளியே இருந்த 'இஃப்'

1971-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய முதல் யூனிக்ஸ் ஷெல்லுக்குள் நிபந்தனைக் கட்டளை எதுவும் கிடையாது. 'இஃப்', 'கோட்டூ' இரண்டும் வெளியே தனித்தனி நிரல்களாக இருந்தன.

அதிலும் 'கோட்டூ' செய்தது கொஞ்சம் கள்ள வேலை. ஸ்கிரிப்ட் கோப்பில் எதுவரை படித்தாயிற்று என்ற குறி ஷெல்லுக்கும் அதற்கும் பொது. கோப்பின் தொடக்கத்துக்குப் போய், முக்காற்புள்ளியில் தொடங்கும் அடையாள வரியைத் தேடி, குறியை அங்கே நகர்த்திவிட்டு 'கோட்டூ' முடிந்துவிடும். ஒன்றும் அறியாத ஷெல் அங்கிருந்து தொடர்ந்து படிக்கும். படிப்பவர் அசந்த நேரத்தில் யாரோ பக்கத்தைப் புரட்டி வைத்த மாதிரி!

1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீஃபன் போர்னின் ஷெல் இந்தக் கூத்தை முடித்துவைத்தது. போர்ன் ஆல்கால் 68 மொழியில் ஊறியவர். அதனால்தான் 'இஃப்' தலைகீழாகி 'ஃபி'யில் முடிகிறது. 'கேஸ்' 'எசாக்'கில் முடிகிறது. 'டூ' மட்டும் 'ஓடி'யில் முடியவில்லை. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்ததால் 'டன்' வந்தது. ஷெல்லின் சி நிரலையே மேக்ரோக்களால் ஆல்கால் போல மாற்றி எழுதியிருந்தார். படிக்கவே முடியாத சி நிரல்களுக்கென 1984-ல் ஒரு போட்டி தொடங்க அதுவும் ஒரு காரணம்.

அந்த ஷெல்லில் ஃபங்ஷன்கள் இல்லை. 1984-ல் யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவின் இரண்டாம் வெளியீட்டில்தான் சேர்ந்தன. 1989-ல் பிரையன் ஃபாக்ஸின் பேஷ் ஷெல் வெளியானது. சூழல் மாறி வழியாக ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஷெல்லுக்கு அனுப்பும் வசதி அதில் வந்தது. ஆனால் ஃபங்ஷனின் வரையறைக்குப் பின்னால் ஒட்டியிருந்த கட்டளையையும் பேஷ் சேர்த்தே இயக்கியது. ஸ்டெஃபான் ஷாசெலா இதைக் கண்டுபிடித்தது 2014-ல். 'ஷெல்ஷாக்' என்று பெயர் பெற்ற அந்த ஓட்டை கால் நூற்றாண்டாக அங்கேயே இருந்தது.