கற்பிட்டிக் கடைத்தெருவும் கரையும்

கற்பிட்டியில் கடைத்தெரு எங்கே தொடங்குகிறது என்று மாணவர்களிடம் கேட்டால், பஸ் நிற்கிற இடத்தைக் காட்டுவார்கள். “கரையிலிருந்துதான் மகன் எண்ணணும்” என்பார் என் வாப்பா. ஊரின் வரலாறு அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

1659இல் கற்பிட்டியைப் பிடித்த ஒல்லாந்தர், 1676இல் கோட்டையைக் கட்டி முடித்தார்கள். புத்தளக் களப்பின் வாயைக் காத்து, கண்டி மன்னனின் கடல் வணிகத்தைக் கட்டுப்படுத்துவதே அவர்கள் நோக்கம். அத்தனை பெறுமதி இந்தத் துறைக்கு இருந்தது. 1834இல் இலங்கைக் கசற்றியரை வெளியிட்ட சைமன் காசிச்செட்டியும் 1807இல் இங்கே பிறந்தவர்தான்.

உப்பும் கருவாடும் கொப்பராவும் தோணியில் போன காலம் அது. 1926இல் ரயில் வந்தது, புத்தளத்தோடு நின்றுவிட்டது. பிறகு லொறி வந்தது. சரக்கு கரையை விட்டு வீதிக்கு ஏற, கடைகளும் அதன் பின்னால் போயின.

ஆனாலும் கரை சாகவில்லை. 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் பலர், வள்ளங்களில் வந்து இறங்கியது இந்தக் கற்பிட்டிக் கரைகளில்தான். கைவிட்ட துறை அன்று அடைக்கலம் கொடுத்தது.

சென்ற வருடம் ஒரு பழைய கடைவீட்டை இடித்தார்கள். குப்பைக்குள் அரபுத்தமிழில் எழுதிய கணக்குக் கொப்பியொன்று கிடந்தது. கரையான் மிச்சம் வைத்தது பதினொரு பக்கம்: தோணிக் கூலி, உப்பு மூடை, பள்ளிவாசல் விளக்கெண்ணெய். நான் படித்த எந்த நூலிலும் இந்தத் தெரு இவ்வளவு கிட்டத்தில் தெரிந்ததில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் அப்படியொன்று இருக்கலாம். வாசிக்கத் தெரியவில்லை என்று எறிந்துவிடாதீர்கள். ஒரு பிரதியாவது எடுத்து வையுங்கள்.