அரைப் பரிதியும் ஆரையும்: வட்டப் பரப்பளவைக் கற்பிக்கும் வரிசை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழ்மொழி மூலம் க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஆயத்தமாகும் மாணவரிடம் வட்டத்தின் பரப்பளவைக் கேட்டால், பையை ஆரையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்ற விடை உடனே வரும். பரிதியைக் காணப் பயன்பட்ட அதே பை பரப்பளவுக்குள்ளும் எப்படி வந்தது என்று கேட்டால்தான் தயக்கம். இது மாணவரின் குறையன்று. கற்பிக்கும் வரிசையின் குறை. அரைப் பரிதியை ஆரையால் பெருக்கினால் பரப்பளவு என்பதை முதலில் நிறுவி, பையை அதன் பின்னர் கொண்டுவர வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த விதி தமிழுக்கு நெடுநாளாகவே உரியது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் வட்டத்தின் (அதாவது பரிதியின்) பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கிக் குழி, அதாவது பரப்பளவு, காணச் சொல்கிறது. 499-இல் ஆரியபட்டர் தந்த விதியும் இதுவே. பரிதியை அடியாகவும் ஆரையை உயரமாகவும் கொண்ட செங்கோண முக்கோணிக்கு வட்டம் பரப்பளவில் சமன் என்று ஆக்கிமிடீசு நிறுவியதும் இதையே. லீலாவதி என்ற கணித நூலுக்கு 1545-இல் புத்திவிலாசினி உரை எழுதிய கணேச தைவக்ஞர் காரணத்தையும் காட்டினார். வட்டத்தை இரு பாதியாக்கி, ஒவ்வொன்றையும் ஒடுங்கிய ஆரைச்சிறைகளாக வெட்டி விரித்து, ஒன்றின் இடைவெளிகளில் மற்றதன் முனைகளைப் பொருத்தினால் செவ்வகம் போன்ற உரு கிடைக்கும். அதன் நீளம் அரைப் பரிதி, அகலம் ஆரை. துண்டுகள் ஒடுங்க ஒடுங்க அந்த உரு செவ்வகத்தை நெருங்கும்.

இங்கே பை எங்கும் தலைகாட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரைப் பரிதி, ஆரை என்ற விதி துல்லியமானது. அண்ணளவாக்கம் நுழைவது விட்டத்திலிருந்து பரிதியைக் கணிக்கும் இடத்தில் மட்டுமே. விட்டத்தை ஏழு கூறாக்கி, நான்கு கூறு சேர்த்து இரட்டிக்கச் சொல்லும் பழந்தமிழ் விதி 22/7-ஐத் தருகிறது. 7 அடி விட்டமுள்ள கிணற்றுக்குப் பரிதி 22 அடி, பாதி 11, ஆரை மூன்றரை, பரப்பளவு 38.5 சதுர அடி. இது உண்மைப் பெறுமானத்தைவிட இரண்டு சதுர அங்குலத்துக்குச் சற்று மேலாக அதிகம். அந்தப் பிழை முழுவதும் பரிதியிலிருந்து வந்தது. இரண்டு படிகளையும் ஒரே சூத்திரத்தில் அடைக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. 22/7 என்பதே பை என்ற தவறான எண்ணமும் வளர்கிறது.

பரீட்சைக்கும் இவ்வரிசை உதவும். ஆரை 14 சென்ரிமீற்றர், கோணம் 90 பாகை கொண்ட ஆரைச்சிறையை எடுப்போம். சுற்றளவு காண மாணவர் வில்லின் நீளத்தை 22 என்று முன்னரே கணித்திருப்பார். அதன் பாதி 11. அதை 14-ஆல் பெருக்க 154 சதுர சென்ரிமீற்றர். 90/360 என்று மறுபடி தொடங்க வேண்டியதில்லை. வட்டத்துக்குச் சொன்ன விதி அதன் எந்த ஆரைச்சிறைக்கும் அப்படியே பொருந்துகிறது. என் வாதத்தின் வலுவான பகுதி இதுவே.

ஆரை இருமடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும் என்பதை வர்க்கச் சூத்திரமே தெளிவாகக் காட்டும் என்று மறுப்பு எழலாம். அது உண்மை, ஆகவே அச்சூத்திரத்தை நீக்கச் சொல்லவில்லை. அரைப் பரிதி என்பது பை பெருக்கல் ஆரை என்று பிரதியிட்டால் அடுத்த வரியிலேயே அது பிறக்கிறது. வெட்டி ஒட்டுவது முழு நிறுவலாகாது என்ற மறுப்பும் சரியே. வட்டத்தின் பரப்பளவு முன்னர் சொன்ன செங்கோண முக்கோணியினுடையதைவிடக் கூடவும் முடியாது, குறையவும் முடியாது என்று காட்டி ஆக்கிமிடீசு அந்த இடைவெளியை அடைத்தார். அதை உயர்தரத்தில் கற்பிக்கலாம்.

தேசிய கல்வி நிறுவகத்தில் பாடத்திட்டம் வகுப்போர் அரைப் பரிதி விதியை வர்க்கச் சூத்திரத்துக்கு முன்னே வைக்க வேண்டும். அதுவரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கடதாசி வட்டமும் கத்தரிக்கோலும் போதும்.