சமூகத்தில் இத்தனை, விடுதிகளில் இத்தனை

2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இரவுச் செய்தி பார்த்த நேயர்களுக்கு ஓர் அறிவிப்பு மனப்பாடமாகியிருக்கும். புதிதாகக் கிருமித்தொற்று கண்டவர்கள் இத்தனை பேர். அவர்களில் சமூகத்தில் இத்தனை, ஊழியர் தங்கும் விடுதிகளில் இத்தனை, வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் இத்தனை. பிற்பகலில் சுகாதார அமைச்சின் முதற்கட்ட எண்ணிக்கை வரும். இரவில் முழு விவரம் வரும். ஃபோர் டி முடிவுக்குக் காத்திருப்பதுபோல் மக்கள் அந்த எண்ணுக்குக் காத்திருந்த காலம் அது.

மொத்த எண்ணிக்கையைக் கேட்டவுடன் பலரும் தேடியது முதல் வரியைத்தான். சமூகத்தில் ஒற்றை இலக்கம் என்றால் ஒரு பெருமூச்சு. ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த ஆண்டின் ஆக அதிகமான நாள் எண்ணிக்கை அதுவே. அவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் வசித்த வெளிநாட்டு ஊழியர்கள். சமூகத்தில் அன்றைய எண்ணிக்கை சில பத்துகளைத் தாண்டவில்லை. ஒரே தீவு, ஒரே கிருமி. ஆனால் கணக்கு மட்டும் இரண்டாக இருந்தது. இந்த இரண்டு வரிகளும் எப்படிப் பிரிந்தன, விடுதி வரி ஏன் அவ்வளவு பெருத்தது, அதற்கு யார் காரணம் என்று ஊர் என்ன பேசியது என்பதைத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

கதை 2003இல் தொடங்குகிறது எனலாம். அந்த ஆண்டு சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றி 33 உயிர்களைப் பறித்தது. பெரும்பாலும் மருத்துவமனைகளில் பரவிய நோய் அது. ஏப்ரல் மாதம் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தை மூடப்பட்டபோது காய்கறி கிடைக்காமல் திண்டாடியவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து சிங்கப்பூர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ஒரு நோயாளியைக் கண்டுபிடி, அவர் யாரிடமிருந்து பெற்றார், யாருக்குக் கொடுத்தார் என்று சங்கிலியைப் பிடி, அந்தச் சங்கிலியை அறுத்துவிடு. சார்ஸ் நோயாளி நன்றாகக் காய்ச்சல் கண்ட பிறகே பிறருக்குப் பெரிதும் பரப்பினார் என்பதால் அந்த முறை பலித்தது.

2020 ஜனவரி 23ஆம் தேதி வூஹானிலிருந்து வந்த ஒருவருக்கு கொவிட்-19 தொற்று உறுதியானபோது இந்த முறைதான் மீண்டும் களத்தில் இறக்கப்பட்டது. தொடக்கத்தில் அது வியக்கத்தக்க வகையில் வேலை செய்தது. பிப்ரவரியில் இரண்டு தேவாலயங்களில் தனித்தனியே இரு கிருமித்தொற்றுக் குழுமங்கள் உருவாயின. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக முதலில் தெரியவில்லை. ஒரு தேவாலயத்துக்கு வூஹானிலிருந்து வந்த இருவர் சென்றிருந்தனர். அங்கு வந்திருந்த ஒரு தம்பதி பின்னர் சீனப் புத்தாண்டுக் குடும்ப விருந்து ஒன்றுக்குப் போயிருந்தனர். அந்த விருந்துக்கு வந்த ஒருவர் மூலம் மற்றொரு தேவாலயத்துக்குக் கிருமி போயிருக்கலாம் என்று தடமறிந்தவர்கள் சந்தேகித்தனர். ஆனால் அந்தத் தம்பதி அதற்குள் குணமடைந்திருந்தனர். டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் அவர்களின் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று சோதித்தனர். இருந்தது. அறுந்து கிடந்த சங்கிலி ஒட்டிக்கொண்டது. இந்த நோய்க்கு ரத்தப் பரிசோதனை வழியாகத் தொடர்பை நிறுவியதில் சிங்கப்பூர் உலகிலேயே முன்னோடி. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சிங்கப்பூரின் கண்டறியும் திறனை மற்ற நாடுகளுக்கு அளவுகோலாக வைத்துக் கணக்குப் போட்டனர். இந்த ரத்தப் பரிசோதனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அது மறுபடியும் வரும்.

அதே பிப்ரவரியில் இன்னொரு குழுமமும் இருந்தது. சிலேத்தார் ஏரோஸ்பேஸ் ஹைட்ஸ் கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்த ஐந்து பங்ளாதேஷ் ஊழியர்களுக்குத் தொற்று கண்டது. முதலில் நோயுற்றவர் காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் வசித்தவர். மருத்துவமனைக்குச் செல்லுமுன் அவர் முஸ்தஃபா சென்டருக்குப் போயிருந்தார் என்பதால் ஊரின் பேச்சு முழுக்க முஸ்தஃபாவைச் சுற்றியே இருந்தது. அங்கே போகலாமா, கூடாதா என்பதே கேள்வி. அவர் இரவில் எங்கே படுத்தார், பக்கத்துக் கட்டிலுக்கும் அவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டவர்கள் குறைவு. அந்தக் குழுமம் ஐவரோடு நின்றது. முறை மீண்டும் வென்றுவிட்டது என்ற நிம்மதிதான் மிஞ்சியது.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு ஊழியர் நலனுக்காகப் பாடுபடும் டிடபிள்யூசி2 அமைப்பு, விடுதிகளில் குழுமம் உருவாகும் அபாயம் மறுக்க முடியாதது என்று மார்ச் மாதமே நாளிதழுக்கு எழுதியது. ஆனால் மார்ச் மாதக் கவலை வேறு பக்கம் இருந்தது. பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூர் மாணவர்கள் திரும்பிக்கொண்டிருந்தனர். வெளிநாட்டிலிருந்து வந்தோர் என்ற வரிதான் அப்போது ஏறிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியும் தோ குவானில் உள்ள வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. எஸ்11இல் சுமார் 13,000 பேர், வெஸ்ட்லைட்டில் 6,800 பேர். அன்று எஸ்11இல் தொற்று உறுதியானவர்கள் 63 பேர் மட்டுமே. சங்கிலியைப் பிடிக்கும் முறை இங்கே கைகொடுக்கவில்லை. பிடிப்பதற்குச் சங்கிலி என்று ஒன்று இருந்தால்தானே? ஓர் அறையில் 12 முதல் 20 பேர் வரை. இரண்டடுக்குக் கட்டில்கள். பொதுச் சமையலறை, பொதுக் குளியலறை, காலையில் ஒரே லாரி. சட்டம் கேட்டதும் அவ்வளவுதான். ஒருவருக்கு 4.5 சதுர மீட்டர் இடம், அதுவும் பொது வசதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. 15 பேருக்கு ஒரு கழிவறை. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பே கிடையாது. அறிகுறி தோன்றுமுன்பே பரவும் கிருமி அந்த அறைக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால், யார் யாருக்குக் கொடுத்தார் என்று கேட்பதில் பொருளில்லை. அப்போது விடுதிகளில் வசித்தவர்கள் ஏறத்தாழ 323,000 பேர்.

இந்த நேரத்தில்தான் யார் காரணம் என்ற பேச்சு சூடுபிடித்தது. ஏப்ரல் மாதம் சீன நாளிதழ் ஒன்றில் வெளியான வாசகர் கடிதம், ஊழியர்களின் சுத்தக் குறைவும் பழக்கவழக்கங்களுமே காரணம் என்று எழுதியது. அப்போது சட்ட, உள்துறை அமைச்சராக இருந்த கா. சண்முகம் அந்தக் கடிதத்தைக் கண்டித்தார். மனிதவள அமைச்சராக இருந்த ஜோசஃபின் டியோ வேறொரு பக்கத்தைச் சுட்டினார். விடுதித் தரத்தை உயர்த்த முயலும் ஒவ்வொரு முறையும் செலவு கூடும் என்று முதலாளிகள் முறையிடுகிறார்கள் என்றார் அவர். அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழும்? வீவக வீடு வாங்குபவர், ரயிலில் போகிறவர் என்று எல்லாரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். இந்தப் பகுதியைப் பற்றிப் பொதுமக்கள் அதிகம் பேசவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பழக்கவழக்கம்தான் காரணம் என்ற வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். 2020 நவம்பரில் மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்தில் டாப் கிளவ் கையுறைத் தொழிற்சாலை ஊழியர்களிடையே தெராத்தாய் குழுமம் உருவானது. ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று. அங்கும் நெரிசலான ஊழியர் விடுதிகள்தான். அதே ஆண்டு ஜூனில் ஜெர்மனியின் குட்டர்ஸ்லோ மாவட்டத்தில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் 1,500க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டது. அவர்களில் பலர் ருமேனியா, பல்கேரியா, போலந்து நாடுகளைச் சேர்ந்தவர்கள், கூட்டுக் குடியிருப்புகளில் வசித்தவர்கள். ருமேனியர்களும் பல்கேரியர்களும் வந்ததால் கிருமி வந்தது என்ற பொருள்பட அந்த மாநில முதல்வர் ஆர்மின் லாஷெட் பேசி, கண்டனத்துக்கு ஆளாகிப் பின்னர் விளக்கம் தர வேண்டியிருந்தது. சோறும் மீன் குழம்பும் சாப்பிடுபவரும் ரொட்டியும் பன்றி இறைச்சியும் சாப்பிடுபவரும் ஒரே மாதிரித்தான் நோயுற்றனர். இருவருக்கும் பொதுவாக இருந்தது அடுத்தவரின் மூச்சுக்காற்று எட்டும் தூரம்.

எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்ததற்கு அதிகாரிகள் சொன்ன காரணத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடே முடங்கியிருந்தது. கடைகளையும் பள்ளிகளையும் எப்போது திறப்பது என்று முடிவெடுக்க, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கிருமி எந்த வேகத்தில் பரவுகிறது என்பது தனியாகத் தெரிந்தாக வேண்டும். தொற்றுநோய் வல்லுநருக்கு அந்தப் பிரிவு பயனுள்ள கருவி. சிக்கல் அதற்கு வைத்த பெயரில் இருந்தது. சமூகம் ஒரு வரி, விடுதி மற்றொரு வரி என்று மாதக்கணக்கில் நான்கு மொழிகளிலும் ஒலித்தால், விடுதியில் இருப்பவர் சமூகத்தைச் சேர்ந்தவரில்லை என்றுதான் காதில் விழும். தஞ்சாவூரிலும் புதுக்கோட்டையிலும் கைப்பேசியில் சிங்கப்பூர்ச் செய்தி பார்த்த குடும்பங்கள் தேடியதோ அந்த இரண்டாவது வரியை.

அந்த இரண்டாவது வரியும் முழுமையானதாக இல்லை. தொற்று மிகுந்த விடுதிகளில் அறிகுறி உள்ளவர்களைச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே தனிமைப்படுத்துவது என்று முடிவாயிற்று. மருத்துவ நோக்கில் அது சரியான முடிவுதான். ஆனால் சோதிக்கப்படாதவர் அன்றைய எண்ணிக்கையில் வரமாட்டார். ஆகஸ்டில் விடுதிகள் கிருமியிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்போதும் உண்மையில் எத்தனை பேர் என்பது தெரியவில்லை.

விடை டிசம்பர் 14ஆம் தேதி வந்தது. பிசிஆர் பரிசோதனையில் உறுதியான விடுதி ஊழியர்கள் 54,505 பேர். ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டவர்கள், அதாவது எப்போதோ தொற்றி எண்ணிக்கையில் சேராமல் போனவர்கள், மேலும் 98,289 பேர். இரண்டையும் கூட்டினால் 152,794. விடுதிவாசிகளில் 47 விழுக்காடு, ஏறக்குறைய பாதிப் பேர். பிப்ரவரியில் ஒரு விருந்துக்குப் போன இருவரைக் கண்டுபிடிக்க உதவிய அதே வகை ரத்தப் பரிசோதனைதான் இதையும் காட்டியது. ஏப்ரல் முதல் நாள்தோறும் அறிவிக்கப்பட்ட எண்ணைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அறிவிப்புக்கு வெளியே இருந்திருக்கிறது. ஊழியர்களில் பெரும்பாலோர் இளவயதினர் என்பதால் உயிரிழப்பு மிகக் குறைவு. அந்த ஆண்டு இறுதிவரை நாடு முழுவதும் கொவிட்-19ஆல் இறந்தவர்கள் 29 பேர்.

வியப்பு என்னவென்றால், அந்த 98,289 அதிக நாள் பேசப்படவில்லை. அந்த வாரம் நாட்டின் கவனம் தடுப்பூசியின் வருகையிலும் ‘மூன்றாம் கட்ட’ தளர்வுகளிலும் இருந்தது.

பழி சொல்லும் பழக்கம் மட்டும் போகவில்லை. 2021 மே மாதம் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட உருமாறிய கிருமி இங்கும் பரவியபோது, அதை ஊர்ப் பெயரால் அழைத்தார்கள். சுவா சூ காங்கில் நடந்து சென்றுகொண்டிருந்த இந்திய மாது ஒருவர் தாக்கப்பட்டார். பிரதமர் லீ சியன் லூங் அதைக் கண்டித்தார். அதே மாதம் டெல்லி முதல்வராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவால், சிங்கப்பூர்க் கிருமி பிள்ளைகளைத் தாக்குகிறது என்று டுவிட்டரில் எழுதிவிட்டார். அப்படியொரு கிருமி இல்லவே இல்லை. இங்கு எல்லாருக்கும் கோபம் வந்தது. ஊர்ப் பெயர் நம் மேல் விழும்போதுதான் அது எப்படி உறுத்துகிறது என்று தெரிகிறது! மே 31ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் ஆல்ஃபா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொடுத்தது.

விடுதிவாசிகளுக்கு அந்த இரண்டாவது வரி வெறும் செய்தியாக முடியவில்லை. சமூகத்தில் இருந்தவர்கள் 2020 ஜூன் முதல் படிப்படியாக வெளியே வந்தார்கள். விடுதியில் இருந்தவர்களுக்கு வேலை, வேலை விட்டால் அறை, அனுமதி பெற்றால் பொழுதுபோக்கு நிலையம் என்று காலம் நீண்டது. 2021 செப்டம்பரில்தான், அதுவும் சோதனை முயற்சியாக, வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் போக விடப்பட்டனர். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு தேக்காவைப் பார்த்தவர்கள் அவர்கள்.

2023 மார்ச்சில் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, விடுதிகளில் நோய்ப்பரவலை மேலும் சிறப்பாகக் கையாண்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 2021 செப்டம்பரில், புதிய விடுதிகளுக்கான தரம் மாற்றப்பட்டிருந்தது. அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. பொது வசதிகள் நீங்கலாக ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர். கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர். 6 பேருக்கு ஒரு கழிவறை. 1,000 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளை மட்டும் கட்டுப்படுத்திய சட்டம் 2023 ஏப்ரல் முதல் 7 படுக்கைகள் உள்ள இடத்துக்கும் விரிந்தது. அறிக்கைகளில் எப்படி எழுதப்பட்டாலும், காரணம் கட்டிலிலும் சுவரிலும் இருந்தது என்பதை இந்த விதிமுறைகளே சொல்கின்றன.

பழைய விடுதிகளுக்கு அவகாசம் தரப்பட்டுள்ளது. 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபடி ஏறத்தாழ 1,000 விடுதிகள் 2030ஆம் ஆண்டுக்குள் இடைக்காலத் தரத்தை எட்ட வேண்டும். அறைக்கு 12 பேர், ஒருவருக்கு 3.6 சதுர மீட்டர் என்பது அதன் முக்கிய விதி. முழுத் தரத்துக்கு மாற அவற்றுக்கு 2040 வரை காலம் இருக்கிறது.